எந்த ஒன்றரைச் சென்ரிமீற்றர்?

85 மில்லிமீற்றர் லென்ஸை எஃப்1.8 வரை திறந்து (எஃப் எண் சிறுத்தால் லென்ஸின் வாய் அகலும்), ஒரு மீற்றர் தூரத்தில் இருக்கிற முகத்தைப் பிடித்தால், படத்தில் கூர்மையாக விழுவது ஏறத்தாழ 1.4 சென்ரிமீற்றர் ஆழம்தான். மூக்கு நுனியில் இருந்து கண் வரைக்கும்கூட அது காணாது. "பின்னுக்கு மங்கலா வரோணும்" என்று கேட்டு வருகிற பெண்வீட்டாருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அது எங்கள் பாடு.

நான் கிளிநொச்சிப் பக்கம் கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று படம் எடுக்கிறவள். முன்னர் எல்லாம் மாலையும் கழுத்துமாக நிற்கிற ஆட்களின் தலை வெட்டுப்படாமல் வந்தால் போதும், சனம் சந்தோசப்படும். இப்போது சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தக்காரர் முகநூலில் போடுகிற படங்களைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். முகம் பளிச்சென்று இருக்க வேண்டும், பின்னால் இருக்கிற பந்தலும் கதிரையும் கரைந்து போக வேண்டும். அதற்காகத்தான் இந்த லென்ஸை வாங்கினேன்.

என்னிடம் இருப்பது கனன் 6டி உடலும் 85 எஃப்1.8 லென்ஸும். இரண்டுமே பாவித்தவை. லென்ஸின் வடிவமைப்பு 1992 இல் வந்தது, கமரா 2012 இல் வந்தது. இன்றைக்கும் இதைவிட மலிவாக நல்ல முகப்பட லென்ஸ் கிடைப்பது கஷ்டம். 425 கிராம்தான் நிறை, ஒரு கலியாணம் முழுக்கக் கழுத்தில் தொங்கவிட்டாலும் பிடரி நோகாது. எஃப்1.4, எஃப்1.2 லென்ஸ்களை வைத்திருப்பவர்கள் என்னைவிட இன்னும் குறுகிய இடத்துக்குள் வேலை செய்கிறார்கள் என்பதைத் தவிர, கீழே சொல்லப்போவதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் தூரம். அநேகமானவர்கள் ஃபோகஸ் தப்பினால் அப்பேச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, கூட்டிக் குறைத்துப் பார்க்கிறார்கள். அதைவிட லாபமானது காலை எடுத்துப் பின்னுக்கு வைப்பது. தூரம் இரட்டித்தால் கூர்மையின் ஆழம் நாலு மடங்காகும். ஒரு மீற்றரில் 1.4 சென்ரிமீற்றர் என்றால், இரண்டு மீற்றரில் ஏறத்தாழ 5.7. அப்பேச்சரை எஃப்1.8 இலிருந்து எஃப்2.8 க்குக் கொண்டுபோனால் கிடைப்பது ஒன்றரை மடங்குதான். பின்னுக்குப் போனால் முகம் சிறிதாகிவிடுமே என்றால், கணினியில் வெட்டிக்கொள்ளலாம். வெட்டிப் பெருப்பிக்கும்போது ஆழத்தில் பாதி திரும்பப் பறிபோகும் என்பது உண்மை. அப்படிப் போனாலும் இரண்டு மடங்கு கையில் மிஞ்சும். இன்னொன்று, மிகக் கிட்ட நின்று எடுத்தால் மூக்குப் பெருத்துத் தெரியும். எந்த மணப்பெண்ணும் அதற்குக் காசு தரமாட்டாள்.

அடுத்தது முகத்தின் திருப்பம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாக ஒரு கொப்பியில் கீறிப் பார்த்துத்தான் விளங்கியது. இரண்டு கண்மணிகளுக்கும் இடையில் ஏறத்தாழ 6.3 சென்ரிமீற்றர். முகம் நேராகப் பார்த்தால் இரண்டும் ஒரே தளத்தில் இருக்கும். முகத்தை 30 பாகை திருப்பச் சொன்னால் ஒரு கண் மற்றதைவிட 3 சென்ரிமீற்றருக்கு மேல் பின்னுக்குப் போய்விடும். ஒன்றரை மீற்றரில் எஃப்1.8 இல் கிடைக்கிற முழு ஆழமே 3.2 சென்ரிமீற்றர். அப்படியென்றால் இரண்டு கண்ணும் கூர்மையாக வர, நான் இரண்டுக்கும் நட்டநடுவில், அதாவது மூக்குத் தண்டில், ஃபோகஸ் பண்ண வேண்டும். பண்ணினால் இரண்டு கண்ணும் விளிம்பில் நின்று தள்ளாடும். ஒன்றுகூட முழுக்கூர்மையாக இராது. ஆகவே கிட்ட இருக்கிற கண்ணை எடு, தூரக் கண்ணை விடு. இது பழைய விதிதான். ஆனால் ஏன் என்று கணக்கோடு தெரிந்தபிறகுதான் தூரக் கண் மங்குவதைப் பார்த்து மனம் பதறாமல் இருந்தது.

கிட்ட இருக்கிற கண் என்று சொல்வது சுகம். கமராவுக்குக் கண் என்றால் என்னவென்று தெரியாது. 6டி போன்ற பழைய கமராவின் ஃபோகஸ் புள்ளி தேடுவது கறுப்பு வெள்ளை மாறுகிற ஒரு விளிம்பை. கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரில் தெரிகிற சின்னச் சதுரத்தைவிட உண்மையில் அது பார்க்கிற பரப்புப் பெரியது. எங்கள் முகங்களில் விளிம்புக்கு என்ன பஞ்சம்? நெற்றியில் குங்குமப் பொட்டு, அதற்கு மேல் திருநீறு, மூக்கில் கல் மூக்குத்தி, வகிட்டில் நெத்திச்சுட்டி. சாமத்தியவீட்டுப் பிள்ளைக்கு இதோடு தலை நிறையப் பூவும் ஜிமிக்கியும் சேரும். கண்ணில் வைத்த புள்ளி புருவ நடுவில் இருக்கிற பொட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பொட்டு கண்ணைவிட ஒரு சென்ரிமீற்றர் அளவு முன்னுக்கு இருக்கிறது. ஒரு மீற்றரில் அந்த ஒரு சென்ரிமீற்றர் போனால் கதை முடிந்தது. படத்தில் பொட்டின் தூள் தூளாகத் தெரியும், கண் பஞ்சு மாதிரி இருக்கும்.

நான் கண்டுபிடித்த வழி, கண்ணின் உள்மூலையை விட்டு வெளிமூலையில் புள்ளியை வைப்பது. அந்தப் பக்கம் பொட்டும் இல்லை, மூக்குத்தியும் இல்லை. கண்மை கீறி முடிக்கிற அந்த வால் நல்ல கறுப்பு விளிம்பு, கமரா உடனே பிடிக்கும். அந்த இடம் கண்மணியைவிடச் சற்றுப் பின்னுக்கு இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. கண் இமை மயிர் முன்னுக்கு, கண் வால் பின்னுக்கு, நடுவில் கண்மணி. ஒன்றரை, இரண்டு மீற்றரில் நின்றால் இந்த வித்தியாசம் தாங்கும். ஒரு மீற்றருக்குள் போனால் தாங்காது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் என்றால் சட்டத்தின் மேல்விளிம்பைத்தான் கமரா பிடிக்கும். கொஞ்சம் கழற்றுங்கோ என்று கேட்கலாம். கழற்றினால் சிலர் தாங்கள் இல்லாத மாதிரி இருக்கிறது என்பார்கள். அதுவும் சரிதான். அப்போது எஃப்2.8 க்குப் போய்விடுவேன்.

இனி, நடுப்புள்ளியின் கதை. 6டி யில் 11 ஃபோகஸ் புள்ளிகள். அதில் கிடையாகவும் நிலையாகவும் இரண்டு பக்க விளிம்பையும் பார்க்கத் தெரிந்த குறுக்குப் புள்ளி நடுவில் இருக்கிற ஒன்று மட்டும். மற்றப் பத்தும் வெளிச்சம் குறைந்தால் தேடித் தேடிக் களைத்துப் போகும். அதனால் நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து, ஃபோகஸைப் பூட்டி, பிறகு கமராவைக் கீழே சரித்துப் படத்தின் அமைப்பைச் சரிசெய்வதுதான் எல்லாரும் பழகியிருக்கிற முறை. கமராவோடு சேர்ந்து வருகிற சாதாரண 18–55 லென்ஸில் எஃப்5.6 இல் இது எந்தக் கரைச்சலும் தராது. 85 ஐத் திறந்து வைத்திருக்கும்போது தரும்.

காரணம் கேத்திரகணிதம். ஃபோகஸ் தளம் கமராவுக்கு நேர் எதிரே சுவர் போல் நிற்கிறது. கமராவைச் சரித்தால் அந்தச் சுவரும் சேர்ந்து சரியும். ஒன்றரை மீற்றரில் ஒரு கண்ணைப் பிடித்துவிட்டு 5 பாகை சரித்தால் சுவர் கண்ணுக்குப் பின்னால் 6 மில்லிமீற்றர் அளவு போகும். அது பொறுக்கலாம். படம் நெடுக்காக வரக் கமராவை நிமிர்த்திப் பிடித்து, கண்ணைப் படத்தின் மேல்விளிம்புக்குக் கிட்டக் கொண்டுபோக 10 பாகை சரித்தால் 2.3 சென்ரிமீற்றர் போகும். ஆழத்தின் பாதி 1.6 சென்ரிமீற்றர்தான், ஆகவே கண் வெளியே விழுந்துவிடும். இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் விழும், கண்ணுக்குப் பின்னால். ஒரு படத்தில் கண் மங்கலாகவும் காதுத் தோடு கூர்மையாகவும் வந்திருந்தால், அதிகம் யோசிக்க வேண்டாம், சரித்ததுதான் காரணம்.

நல்ல வெளிச்சத்தில் இதற்கு மருந்து மேற்புள்ளியைப் பாவிப்பது. நிமிர்த்திப் பிடித்தால் 6டி யின் ஓரப்புள்ளி முகம் வரவேண்டிய இடத்துக்குக் கிட்ட வந்துவிடும், பிறகு சரிப்பது ஒரு துளிதான். மண்டபத்துக்குள், ரியூப் லைற் வெளிச்சத்தில், நடுப்புள்ளியையே வைத்து முகத்தை நடுவில் விட்டு எடுத்துவிட்டுப் பிறகு வெட்டுவேன். படம் எடுக்கும்போது அமைப்பு அழகாக இருக்காது. பரவாயில்லை, அதைப் பார்க்கப் போவது நான் மட்டும்தான்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஆள் ஆடுவார். நானும் ஆடுவேன். நிற்கிற மனிதர் யாரும் அசையாமல் நிற்பதில்லை. மூச்சுக்கு ஒருமுறை முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு சென்ரிமீற்றர் போய்வருவது சாதாரணம். ஃபோகஸைப் பூட்டிவிட்டுச் சிரிப்பு வருவதற்குக் காத்திருக்கிற அந்த ஒரு வினாடிக்குள் இரண்டு பேரும் இடம் மாறிவிடுவோம்.

விசுவமடுவுக்கு உள்ளே ஒரு வீட்டில் ஓர் அம்மம்மாவைப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வன்னியில் இப்படியான வேலை அடிக்கடி வரும். 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் எத்தனையோ வீடுகளில் பழைய அல்பம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆள் செத்தபிறகு அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து பெருப்பித்துத் தரச்சொல்லி நிற்பார்கள். அந்தப் படத்தில் என்ன இருக்கும், அதைப் பெருப்பிக்க? அதனால் இப்போது பிள்ளைகள் முந்திக்கொள்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே நல்லதாக ஒன்று எடுத்து வைப்போம் என்று.

அம்மம்மாவை விறாந்தையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தினோம். கமராவைத் தூக்கினதும் அவர் விறைத்துப் போனார். பழைய ஸ்ரூடியோப் பழக்கம். தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டது.

"பிள்ளை, மூச்சைப் பிடிக்கோணுமே?"

"வேண்டாம் அம்மம்மா. நீங்கள் உங்கட பாட்டில இருங்கோ."

"அப்ப எங்க பாக்கிறது?"

"என்னைப் பாத்துக் கதையுங்கோ. இந்த முறை வயல் என்ன மாதிரி?"

வயல் என்றதும் தோள் இறங்கியது. காலபோகத்துக்கு மழை பிந்தினது, பன்றி வந்து உழக்கினது, உரவிலை எல்லாம் சொல்லத் தொடங்கினார். நான் அவருக்கு முன்னால் சின்ன வாங்கு ஒன்றில் இருந்து, இரண்டு முழங்கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டேன். என் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. கதிரையில் முதுகு சாய்ந்திருப்பதால் அவருடைய ஆட்டமும் குறைவு. மனிதர்கள் ஒரு வசனத்தைச் சொல்லி முடித்ததும் மூச்சு வெளியே போய், அடுத்த மூச்சு உள்ளே வருவதற்கு முன் தலை ஒரு கணம் நிற்கும். அந்த இடத்தில் விரலை அமத்த வேண்டும். பூட்டுகிற முறையை நான் விட்டுவிட்டேன். ஃபோகஸை ஷட்டர் பொத்தானில் இருந்து பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றி, ஆள் அசைய அசையத் தொடர்ந்து ஃபோகஸ் பிடிக்கிற சேர்வோவில் போட்டு, பெருவிரலை அமத்தியபடியே மூன்று நாலு படம் தொடராக எடுப்பேன். 6டி வினாடிக்கு 4.5 படம்தான் எடுக்கும். அது போதும். அதில் ஒன்று கண்ணில் விழும்.

எடுத்தபிறகு கமராவின் திரையைப் பார்த்து ஏமாறக் கூடாது. சின்னத் திரையில் எல்லாமே கூர்மைதான், பெருப்பித்துக் கண்ணைப் பார்க்க வேண்டும். அதேபோல வியூஃபைண்டரையும் நம்ப முடியாது. இந்தக் கமராக்களில் வருகிற வழக்கமான கண்ணாடித் திரை எஃப்2.8 அளவு ஆழத்தைத்தான் காட்டும். எஃப்1.8 இல் கண்ணுக்குத் தெரிவதைவிடப் படத்தில் கூர்மை மெலிந்துதான் வரும்.

இன்னொரு துப்பு நிறத்தில் இருக்கிறது. இந்த 85 லென்ஸை முழுக்கத் திறந்தால், ஃபோகஸுக்கு முன்னால் இருக்கிற மினுக்கங்களின் விளிம்பு ஊதாவாகவும், பின்னால் இருக்கிறவை பச்சையாகவும் அடிக்கும். குறை சொல்வார்கள் இதை. எனக்கு உதவி. மூக்குத்திக் கல் ஊதா, தோட்டுக் கல் பச்சை என்றால் ஃபோகஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அநேகமாகக் கண்ணில். மூக்குத்தியும் தோடும் இரண்டுமே ஊதா என்றால் பின்னால் இருக்கிற பந்தல்காலைத்தான் பிடித்திருக்கிறாய். அல்பத்துக்குப் போகும்போது அந்த நிறத்தைக் கணினியில் எடுத்துவிடலாம்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒரே பக்கமாகவே பிழைத்தால், ஆளில் அல்ல, கமராவில் சந்தேகப்பட வேண்டும். கண்ணாடி உள்ள கமராவில் ஃபோகஸ் அளக்கிற உணரி உடலின் அடியில் தனியாக இருக்கிறது. வெளிச்சம் இரண்டு கண்ணாடிகளில் பட்டு அங்கே போகிறது. படம் விழுகிற இடம் வேறு, அளக்கிற இடம் வேறு. இரண்டுக்கும் இடையில் மயிரளவு வித்தியாசம் இருந்தாலும் எஃப்1.8 இல் தெரிந்துவிடும். இதைச் சோதிக்கக் கடையில் அட்டை விற்கிறார்கள். நான் பாவித்தது முறிகண்டியில் வாங்கின கச்சான். மேசையில் ஒரு நெருப்புப்பெட்டியை கமராவுக்கு நேரே நிமிர்த்தி வைத்து, அதற்குப் பக்கத்தில் கச்சானை ஒரு சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் படிமுறையாக முன்னும் பின்னும் அடுக்கினேன். கமரா முக்காலியில். நெருப்புப்பெட்டியில் ஃபோகஸ் பண்ணி எடுத்தால், எந்தக் கச்சானின் கோது வலை வலையாகத் தெரிகிறதோ அங்கேதான் உண்மையான தளம். பிறகு பின்திரையில் நேராகப் பார்க்கிற லைவ் வியூவில் 10 மடங்கு பெருப்பித்துக் கையால் ஃபோகஸ் பண்ணி இன்னொன்று எடுத்து ஒப்பிட வேண்டும். பெட்டிக்குப் பின்னால் உள்ள கச்சான் கூர்மை என்றால், ஃபோகஸை முன்பின் நகர்த்துகிற 6டி யின் நுண்திருத்தத்தில் மறை (−) பக்கம் சில படி தள்ள வேண்டும். ஒரே ஒரு படத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் லென்ஸைக் கலைத்துவிட்டுத் திரும்பப் பிடிக்கவிட வேண்டும். சோதனை முடிந்ததும் கச்சானுக்கு என்ன நடந்தது என்று எழுதத் தேவையில்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக. வன்னி வெயிலில், மத்தியானத்தில், ஐஎஸ்ஓ (உணரியின் ஒளியுணர்வு) 100 இல் எஃப்1.8 க்கு ஷட்டர் வேகம் 1/8000 வினாடி வேண்டும். 6டி 1/4000 ஓடு நின்றுவிடும். இரணைமடுக் குளக்கட்டில் பட்டப்பகலில் முழுக்கத் திறந்து எடுக்கவேண்டும் என்று ஒரு மாப்பிள்ளை அடம்பிடித்தால் லென்ஸுக்கு முன்னால் மூன்று படி குறைக்கிற கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். அல்லது பின்னேரம் வரச்சொல்ல வேண்டும். நான் பின்னேரத்துக்குத்தான் சொல்வேன். சோளகம் அடிக்கிற மாதங்களில் குளக்கட்டில் சேலைத் தலைப்பும் மயிரும் முகத்துக்குக் குறுக்கே பறக்கும், கமரா அதைப் பிடித்துக்கொண்டு முகத்தை விடும். மாமர நிழலோ விறாந்தையோ எல்லாவிதத்திலும் திறம்.

இருட்டு வேறு பிரச்சினை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முன், சிலாவத்தைக் கடலில் எடுத்த நீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிப்பது வழக்கம். அப்படியான விளக்கு வெளிச்சத்தில் முகம் எடுக்க 6டி யின் நடுப்புள்ளி ஒன்றுதான் துணை. அதற்கு மறை 3 ஈவி (வெளிச்சத்தை அளக்கிற அலகு) வரை, நிலாவெளிச்ச அளவில், கண் தெரியும். சுடரில் வைக்கக் கூடாது, சுடர் ஆடும். வெளிச்சம் பட்ட கன்னத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் ஓடுகிற விளிம்பில் வைத்தால் பிடிக்கும். ஆடிவருகிற காவடிக்கு எஃப்1.8 நினைக்கவே வேண்டாம்.

ஆளின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கிற, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்கள் வந்துவிட்டனவே, இதெல்லாம் ஏன் என்று கேட்பீர்கள். 2018 இல் வந்த சோனி ஏ7 மூன்றையும் 2020 இல் வந்த கனன் ஆர்6 ஐயும் கலியாணங்களில் கைமாற்றாக வாங்கிப் பாவித்திருக்கிறேன். பொறாமையாக இருக்கிறது. படம் விழுகிற உணரியிலேயே அளப்பதால் கச்சான் சோதனை தேவையில்லை, புள்ளி ஓரம்வரை இருப்பதால் சரிக்கவும் தேவையில்லை. ஆனால் மணப்பெண் தாலி கட்டுகிற நேரம் குனிகிறாள், மாப்பிள்ளையின் கண்ணும் அவளின் கண்ணும் சட்டத்துக்குள் இருக்கின்றன, பின்னால் விளக்குப் பிடிக்கிற தோழியின் கண்ணும் இருக்கிறது. எந்தக் கண் என்று அது கேட்காது, தானே ஒன்றைத் தெரிவுசெய்யும். சில நேரம் அந்தக் கணத்தில் கண்ணே வேண்டாம், தாலிக்கொடி முடிச்சிடுகிற விரல்தான் வேண்டும். ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான் கிடைக்கும், அதை எங்கே வைப்பது என்று ஆள்தான் சொல்ல வேண்டும். எந்தக் கமராவை வாங்கினாலும் அந்த வேலை மிஞ்சும்.

திறக்காமல் விடுவதும் அதே வேலையில் சேர்ந்ததுதான். தருமபுரத்தில் ஓர் அம்மாவை எடுக்கப் போனேன். படம் கனடாவில் இருக்கிற மகனுக்கு. நான் வழக்கம்போல 85 ஐ மாட்டினேன். முதல் படத்தைக் காட்டினதும் அம்மா, "எங்க பிள்ளை வீடு?" என்றார். இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாயோடு, மிச்சத்துக்குக் கடன்பட்டு, தானே நின்று கல்லடுக்கி முடித்த வீடு. மகன் இன்னும் நேரில் பார்க்கவில்லை. அதை நான் ஒரு மண்நிறப் புகையாக்கி வைத்திருந்தேன்.

85 இல் எஃப்8 க்குப் போனாலும் அந்தத் தூரத்தில் வீடு கூர்மையாக வராது. இன்னும் அகலமாகப் பிடிக்கிற 35 மில்லிமீற்றர் லென்ஸை மாட்டி, எஃப்8 வைத்து, அம்மாவை மூன்று மீற்றரில் நிறுத்தி அவரிலேயே ஃபோகஸ் பண்ணினேன். இப்படி வைத்தால் ஏறத்தாழ 1.9 மீற்றரில் இருந்து 7.3 மீற்றர் வரை எல்லாம் தெளிவாக விழும். படிக்கட்டு, நிலை, யன்னலில் அடித்த நீலப் பெயின்ற், முற்றத்துச் செவ்வரத்தை எல்லாம் தெரிந்தது. அதற்குப் பிறகு விறாந்தையில் 85 இலும் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். மகன் இரண்டையும் அனுப்பச் சொன்னான். பெருப்பித்துச் சட்டம் போட்டுக் கொடுக்கச் சொல்லிக் காசு அனுப்பினது வீட்டுப் படத்துக்கு.